ஐஸில் வைத்த கட்டைவிரல்

எங்கள் ஊரில் மீனைக் கெடாமல் வைக்கத் தெரியாத ஆள் கிடையாது. ஜெகதாப்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஐஸை நன்றாக நொறுக்கு, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன், மேலே மறுபடியும் ஐஸ். மீனுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு இறால் உரிக்கப் போன வயதிலேயே எனக்கு இது தெரியும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்த காரணத்தால்தான் என் வீட்டுக்காரரின் வலது கட்டைவிரல் ஒட்டாமல் போனது. நினைக்கிற போதெல்லாம் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. யாரை உலுக்குவது என்றுதான் தெரியவில்லை.

நான் பயந்த சுபாவம். படகு கிளம்பினால் எனக்குப் பயம் தொடங்கிவிடும். எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ, காற்று மாறிவிடுமோ, இன்ஜின் நின்றுவிடுமோ. படகு கரைக்கு வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே மீன் தரம் பிரிப்பேன். கூட வேலை செய்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள். "ஏன்டி, நீ கரையில நின்னு பயந்தா அங்கிட்டு அலை அடங்கிருமா?" என்பார்கள். இத்தனைக்கும் பயந்தேனே, கட்டைவிரலைப் பற்றி ஒரு நாளாவது பயந்தேனா? இல்லை. விரலுக்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று யார் நினைப்பார்கள்.

எங்கள் படகுக்கு டிரைவர் என் கூடப்பிறந்த அண்ணன். என் வீட்டுக்காரர் அதே படகில் வின்ச் பார்ப்பார். வலையை இழுக்கிற இரும்புக் கம்பி வந்து சுற்றுகிற உருளைதான் வின்ச். அன்றைக்கு வலை ஏறும்போது கம்பி உருளையின் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது. இவர் கையால் தள்ளிவிடப் பார்த்தார். எத்தனையோ தடவை தள்ளியவர்தான். கம்பிக்கும் உருளையின் விளிம்புக்கும் நடுவில் கட்டைவிரல் அகப்பட்டு, கத்தரிக்கோல் வைத்தாற்போலத் துண்டாகிவிட்டது.

படகு நேரங்கெட்ட நேரத்தில் கரைக்கு வருகிறது என்றதும் நான் ஓடினேன். இவர் கையில் துண்டைச் சுற்றி, அதை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கினார். முகம் சாம்பல் பூசினமாதிரி இருந்தது. அவருக்குப் பின்னால் அண்ணன், சின்ன ஐஸ் பெட்டி ஒன்றைப் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தான்.

"அழுவாத ஆத்தா. வெரலு பத்திரமா இருக்கு. மொத தர எறாலுக்குக் கூட நான் இப்புடி ஐஸ் போட்டதில்ல. நல்லாக் குளுரட்டும்னு கல்லுப்பு வேற ஒரு கை தூவியிருக்கேன். கொண்டுபோனா ஒட்டிப்புடுவாங்க."

கரையில் நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். "சமயோசிதமாப் பண்ணியிருக்கான்யா" என்றார் ஒருவர். எனக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்ததும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, விரல் ஒட்டுகிற டாக்டர் தஞ்சாவூரில்தான் இருக்கிறார், உடனே கிளம்புங்கள் என்றார்கள். அங்கே ஒரு நர்ஸ் ஐஸ் பெட்டியைத் திறந்தார். கையை விட்டு நொறுக்கிய ஐஸுக்குள் தேடி எடுத்தார். விரல் மெழுகில் செய்ததுபோல வெள்ளையாக, விறைத்துப் போயிருந்தது. அந்த நர்ஸின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஈரத் துணியில் விரலைச் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்தார்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஐஸ விட்டு வெளிய எடுத்தா கெட்டுப்போவாதா? இம்புட்டு நேரம் பத்திரமா வச்சிருந்தேனே."

"நீங்க பேசாம வண்டில ஏறுங்க அண்ணே" என்றார் நர்ஸ்.

தஞ்சாவூர் போகிற வழி முழுக்க நான் வேண்டாத சாமியில்லை. வின்ச் பிடிக்கிறவனுக்கு, கிழிந்த வலையை முடிகிறவனுக்கு வலது கட்டைவிரல் இல்லையென்றால் அந்தக் கை என்னத்துக்கு? மற்ற நான்கு விரல்கள் எதில் மோதிப் பிடிக்கும்? அது ஒட்டிவிட வேண்டும். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அங்கே கைக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர், சின்ன வயதுக்காரர்தான். விரலைக் கண்ணாடிக் கருவிக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்திருக்கிறார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். அண்ணன் அந்நேரம் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்கப் போயிருந்தான். இவரும் நானும் மட்டும் இருந்தோம்.

"யாரும்மா நேரா ஐஸ்ல போட்டது?" என்றார்.

நான் பதில் சொல்வதற்கு முன் அவரே பேசினார். "தக்காளிய ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா என்ன ஆகும்?"

"கொழகொழன்னு போயிரும் சார்."

"அதேதான் ஆயிருக்கு. உள்ள இருக்க ரத்தக்குழாயெல்லாம் நூலு மாதிரி இருக்கும். அதைத்தான் நாங்க தேடிப் புடிச்சுத் தைக்கணும். எல்லாம் உறைஞ்சு வெடிச்சுக் கெடக்கு. உப்பும் போட்டிருக்கீங்க, உப்பு போட்டா ஐஸோட குளிர் இன்னும் கீழ போயிரும்."

"சார், எங்க ஊருல மீனை அப்புடித்தான்..."

"மீன் செத்துப் போச்சும்மா. அது கெடாம இருந்தாப் போதும். வெரல் அறுந்தாலும் உடனே சாவுறதில்ல. அது சாவாம இருக்கணும். ரெண்டும் வேற."

இதை ஒருவர், ஒரே ஒருவர், எங்கள் துறைமுகத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? புயலுக்குக் கொடி ஏற்றுகிறார்கள், எல்லைக்கு மைக் வைத்துக் கத்துகிறார்கள். கம்பியும் கத்தியும் மிஷினும் தினம் தினம் புழங்குகிற இடத்தில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளில்லை.

"சரியா வச்சிருந்தா ஒட்டியிருக்குமா சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கட்டாயம் ஒட்டியிருக்கும்னு சொல்ல மாட்டேன். கம்பில அகப்பட்ட வெரலு. ஆனா வெட்டு மோசமில்ல, கட்டைவிரல்னா நாங்க எப்படியும் முயற்சி பண்ணுவோம். இப்ப முயற்சி பண்றதுக்கே ஒண்ணுமில்ல."

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் இவர் என் கையைத் தன் இடது கையால் பிடித்தார். "மச்சான்கிட்ட இதைச் சொல்லாத. கம்பி நசுக்கிப்புட்டுச்சு, அதான் ஒட்டலன்னு சொல்லு."

"அதெப்புடிங்க?"

"சொல்லாதன்னா சொல்லாத. அவரு அந்தப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு வந்தத நான் பாத்தேன். தெரிஞ்சா அந்த மனுசன் படகு ஏறமாட்டாரு."

அப்படித்தான் அந்தப் பொய் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

மிச்சமிருந்த எலும்பைக் கொஞ்சம் சீர்செய்து, தோலை இழுத்து மூடித் தைத்து அனுப்பினார்கள். தையல் பிரித்தால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அது எங்கே முடிந்தது. இல்லாத விரலில் நகக்கண் அரிக்கிறது என்பார். சொறிய இடமில்லாமல் பல்லைக் கடிப்பார். முதல் தடவை நான் பயந்துபோய் போன் செய்து கேட்டேன்; மூளைக்கு விரல் போனது இன்னும் தெரியாது, அப்படித்தான் இருக்கும், போகப் போகக் குறையும் என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவர் மூளைக்கு மட்டும் தெரியவில்லை. மொட்டையாக நின்ற இடத்தில் போர்வை பட்டாலே துடித்தார். அந்த இடத்தை முதலில் பஞ்சால், பிறகு துணியால், பிறகு அரிசிக்குள் கையை விட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அரிசிப் பாத்திரத்தை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

கைலி கட்ட வரவில்லை அவருக்கு. இடுப்பில் சுற்றி மடித்துச் சொருக எத்தனை சின்ன வேலை! கட்டைவிரல் இல்லாமல் அது நிற்கவே நிற்காது. நான் கட்டிவிடப் போனால் கோபம். கட்டாமல் விட்டால் தெருவில் கைலியைப் பிடித்துக்கொண்டே நடப்பார். கடைசியில் பேன்ட்டுக்கு மாறினார். அதில் பட்டன் இருக்கிறதே. எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். "சின்னப்புள்ள டவுசரு" என்று தூக்கி எறிந்தார். மறுநாள் அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுபடி காட்டப் போனபோது, விரல் துண்டானால் என்னென்ன செய்ய வேண்டும், எதெல்லாம் செய்யக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். டாக்டர் இன்னொரு வழி சொன்னார். கால் விரல் ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் இருந்த இடத்தில் வைக்கலாமாம். பிடிமானம் கிடைக்குமாம். எனக்குப் போன உயிர் வந்தது. இவர் முகத்தைச் சுளித்தார்.

"கால் வெரலால சோறு பெசஞ்சு திங்கச் சொல்றீங்களா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "வச்ச கொஞ்ச நாள்ல அது கைவிரல்தாங்க."

"வலை முடியையில கால் வெரல்லதான் சார் வலைய மாட்டி இழுத்துப் புடிப்போம். கையில இருந்ததும் போச்சு, கால்ல இருக்கதையும் குடுத்துட்டு நான் என்ன பண்ண?"

"ரெண்டாவது விரலைத்தான் எடுப்போம். பெருவிரல் அங்கேயே இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர்தான். இன்னும் யோசிக்கிறார். நான் அந்தப் பேச்சை எடுத்தால், "மொதல்ல அரிக்கிறது நிக்கட்டும்" என்பார். அரிப்பு நின்றுவிட்டதா என்று கேட்டால் அதற்கும் கோபம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது அண்ணன்தான். அவன் நல்லவன். மாப்பிள்ளைக்கு வேலை போய்விடக் கூடாது என்று படகிலேயே சமையலுக்கும் கணக்குக்கும் வைத்துக்கொண்டான். ஆனால் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். டீக்கடையில், ஐஸ் கம்பெனி வாசலில், வலை காய்கிற இடத்தில். "நான் வச்சிருந்த வெதம் அப்புடி. டாக்டரே அசந்துட்டாராம். கம்பி மட்டும் நசுக்காம இருந்தா இந்நேரம் எங்க மாப்ள வின்ச்சு புடிச்சுக்கிட்டு இருப்பாரு." டாக்டர் அசந்ததாக நாங்கள் சொல்லவே இல்லை. அதை அவனாகச் சேர்த்துக்கொண்டான். கேட்கிறவர்கள் உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் எடுக்க வந்த வியாபாரிகூட என்னிடம், "ஒங்க அண்ணன் சொன்னத மனசுல வச்சிருக்கேம்மா, ஆபத்துக்கு ஒதவும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "நாளைக்கு இன்னொருத்தன் வெரலையும் உப்பு போட்டுக் கொண்டுபோவாங்க. ஒங்களுக்குப் பரவால்லையா?"

"எல்லாருக்கும் வெரலு போயிருமா? நீ எப்பவும் இப்புடித்தான், நடக்காததுக்கு எல்லாம் பயப்படுவ."

"நடந்துச்சுல்ல? ஒங்க கையைப் பாத்துச் சொல்லுங்க, நடக்கலையா?"

கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், படகு போகாத நாள். மத்தியானம் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கணவாய்க் குழம்பு. அவன் போன் அடித்தது. கையில் சோறு என்பதால் இடது விரலால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். படகு கட்டுகிற இடத்திலிருந்து ஒருவன் இரைக்க இரைக்கப் பேசினான்.

"அண்ணே, நம்ம ஆசாரிக்கு ஆள்காட்டி வெரலு போயிருச்சுண்ணே. பலகை அறுக்கையில மிஷினு இழுத்துருச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. வெரலு கையில இருக்கு. நீங்கதான் வெவரந் தெரிஞ்சவுக, எப்புடி வைக்கிறது?"

அண்ணன் சாப்பிட்ட கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தான். "பதறாத. ஐஸ நல்லாத் தூளா நொறுக்கு. வெரல நடுவுல வச்சு..."

அடுப்படியிலிருந்து நான் எப்படி வந்தேன் என்று தெரியாது. போனை எடுத்தேன். கையில் கரண்டி இருந்தது, அதையும் கீழே போடவில்லை.

"தம்பி, ஐஸ்ல போடாத! நான் சொல்றதக் கேளு. வெரல் மேல ஐஸே படக் கூடாது. நல்ல தண்ணியில லேசா அலசு, தேய்க்காத. சுத்தமான துணிய நனைச்சுப் புழிஞ்சு வெரலச் சுத்து. அதை ஒரு பிளாஸ்டிக் பைல போட்டுத் தண்ணி போகாமக் கட்டு. அந்தப் பையத்தான் ஐஸும் தண்ணியுமா வச்சு அதுக்குள்ள வைக்கணும். உப்பு போடாத. உப்பு போட்டா ஒன்ன வந்து அடிப்பேன்."

"அக்கா, அண்ணன் வேற மாரி..."

"அண்ணன் சொன்னது மீனுக்கு! ஆசாரி கையில என்ன வச்சிருக்கீங்க?"

"காப்பித்தூளு போடப் போறாங்க."

"ஒண்ணும் போடாதீங்க. சுத்தத் துணி வச்சு அழுத்திப் புடிச்சு, கையை மேல தூக்கி வைங்க. கயிறு போட்டு இறுக்காதீங்க. டீ, தண்ணி எதுவும் குடுக்காதீங்க, ஆப்பரேசன் இருக்கும். வெரலும் அவரும் ஒரே வண்டில போகணும்."

போன் நின்றது. குழம்பு தரையில் சொட்டியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிமிட்டாமல். பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்தான்.

"மாப்ள, கம்பி நசுக்குனதுன்னு சொன்னீங்க?"

"கம்பிதான் மச்சான்."

"டாக்டரு அப்புடித்தான் சொன்னாரா?"

இவர் என்னை முறைத்தார். அந்த முறைப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்? அங்கே ஒருவனுக்கு விரல் துண்டாகக் கிடக்கிறது, இங்கே மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். கைகூடக் கழுவவில்லை. இவர் என்னிடம் பேச்சை நிறுத்தினார். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இனி அவன் படகு ஏறமாட்டானோ, இவரும் மன்னிக்கமாட்டாரோ என்று எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

அடுத்து படகு கிளம்புகிற நாளில் அண்ணன் வந்தான். ஐஸ் ஏற்றிவிட்டு நேரே வந்திருக்கிறான், சட்டையெல்லாம் ஈரம். என்னைப் பார்க்கவில்லை. இவர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்தான். விபத்து நடந்ததிலிருந்து அந்தக் கையை அவன் தொட்டதே இல்லை. மொட்டையான இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவருக்கு அந்த இடத்தில் குளிர் பட்டால் ஊசி குத்துவதுபோல வலிக்கும். தாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"கையை எடுங்க மச்சான். ஐஸா இருக்கு" என்றார் கடைசியில்.

அண்ணன் சட்டென்று விட்டான். தன் கையைக் கைலியில் துடைத்தான், தேய்த்தான், ஊதினான். மறுபடி பிடித்தான். பிறகு அண்ணன், "அந்தக் கால் வெரலு விசயமா டாக்டர ஒருக்காப் பாத்துட்டு வருவோம். நான் கூட வாரேன்" என்றான். இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னிடம் தண்ணீர் கேட்டார். அந்த மட்டுக்கு என்னோடு பேச்சு வந்தது.

ஆசாரிக்கு விரல் ஒட்டிவிட்டது. அதைக் கேட்டு நான் அழுதேன். ஆனால் பார்க்கப் போனால் அந்த மனுசன், "முழுசா மடங்க மாட்டேங்குது தாயி, உளி புடிக்க எடைஞ்சலா நிக்கிது. பேசாம விட்டிருந்தாக்கூடப் பழகியிருப்பேன்" என்கிறார். பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால், வலிக்கிறதே என்கிறார். இவரும் அதையேதான் சொல்கிறார். ஆண்பிள்ளைகளுக்கு விரலை ஒட்ட டாக்டர் இருக்கிறார், அதை மடக்கவைக்க யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் படகில் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. நான்தான் வைத்தேன். கொதித்த தண்ணீரில் அலசிக் காயவைத்த துணி, தண்ணீர் பாட்டில், இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பைகள். அண்ணன் அதை டிரைவர் அறையில் ஆணி அடித்து மாட்டினான். ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு அவனே சொல்லிக் கொடுத்தான். மீன் வேற, வெரல் வேற என்று அவன் வாயாலேயே சொன்னதைக் கரையிலிருந்து கேட்டேன்.

போன தடவை படகு கிளம்புமுன் எனக்கு மனசு கேட்கவில்லை. ஏறிப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். துணியைக் காணோம், யாரோ இன்ஜின் துடைக்க எடுத்திருக்கிறார்கள். பைகள் இருந்தன. ஒன்றில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும், இன்னொன்றில் செல்போன், எல்லாம் நனையாமல் பத்திரமாக.

"தண்ணி போவாத பைக்கா, வீணாத்தானே கெடந்துச்சு" என்றான் ஒருவன்.

பீடியைக் கடலில் கொட்டிவிட்டு, வேறு பையும் துணியும் எடுத்துவர வீட்டுக்கு நடந்தேன். பின்னால் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு, எனக்காகப் படகை நிறுத்தி வைத்திருந்தான்.